விசில் அக்காவின் நடை

எங்கள் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை. விசில் அக்கா என்றால் தபால்காரருக்கும் தெரியும், பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும். வாயில் விசில் இல்லாத நேரத்திலும் குரல் அப்படித்தான். தெருவின் இந்த முனையில் நின்று அவள் யாரையாவது நலம் விசாரித்தால், அந்த முனையில் இருப்பவரும் சேர்த்துப் பதில் சொல்லிவிடலாம்.

நான் எதிர்வீட்டுக்காரி. துணி தைக்கிறேன். மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பதால், அவர்கள் வீட்டு வாசல்கதவு திறந்தால் உள்ளே கடைசிவரை எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், சண்டையே அதில்தான் இருக்கிறது. வாசல்கதவைத் திறந்தால் நீளமாக ஒரு நடை. இடது பக்கம் வரிசையாகக் கூடம், அறைகள், சமையலறை. இதெல்லாம் அண்ணனுடைய பங்கு. வலது பக்கம் வெற்றுச் சுவர். நடையின் கோடியில் ஒரு கதவு. அதற்குள் இரண்டு சின்ன அறைகள், ஓர் அடுப்புமேடை, ஒரு குளியலறை. அது அக்காவின் பங்கு. அப்பா கண் மூடுவதற்கு முன்பே இப்படிப் பிரித்து எழுதிவைத்துவிட்டார். நடை இரண்டு பேருக்கும் பொது. அக்காவுக்கு வேறு வாசல் இல்லை. அவளுடைய அறைகளுக்குப் பின்னால் அடுத்த கட்டடத்தின் முதுகுதான்.

அவள் சின்ன வயதில் கல்யாணமாகிப் போய், கொஞ்ச காலத்திலேயே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "அவரும் நல்லவர்தான், நானும் நல்லவதான். ஒரு வீட்டுல ரெண்டு நல்லவங்க தாங்காது." அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு பேருந்தில் ஏறியவள்தான், இத்தனை வருடமாக நின்றுகொண்டே சம்பாதித்துவிட்டாள்.

அண்ணனுக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வருவார். ஆனால் அவர் கடை சின்னது, சாமான் பெரியது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளை ஒரே ஆள் வைத்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"தனியாளுக்கு எதுக்கும்மா அவ்வளவு இடம்? டிப்போ பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கோ. வாடகையில பாதி நான் தர்றேன்" என்று அவர் ஆரம்பித்தார்.

"நீங்களும் அண்ணியும் ரெண்டே பேருதான் இருக்கீங்க. நான் கேட்டேனா?" என்றாள் அக்கா.

பேச்சு அத்தோடு நின்றது. சாமான் வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு செருப்பு அலமாரி. பிறகு ஓடாத ஃபிரிட்ஜ். பிறகு கடையில் இடமில்லை என்று கழற்றிப்போட்ட மோட்டார்கள், சுருட்டிய பழைய மெத்தை, ஒரு சக்கரம் மட்டும் உள்ள சைக்கிள். வாசல்கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அதை அட்டை வைத்து அடைத்தார்கள். நடையில் இருந்த ஒரே பல்பும் போய்விட்டது. யாரும் மாற்றவில்லை. அக்கா மாற்றினாள். மறுபடியும் போயிற்று. இந்த முறை பல்போடு சேர்த்து ஹோல்டரும் போயிருந்தது.

அவள் வேலைவிட்டு வந்து கதவைத் திறந்து உள்ளே போவதை நான் பார்ப்பேன். பேருந்தில் அத்தனை கூட்டத்தையும் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று அதட்டி நகர்த்துகிறவள், சொந்த வீட்டில் தோல்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கி, ஒருக்களித்துப் போவாள். பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் அந்த இருட்டில் மோட்டார் ஒன்றில் கால் தட்டி விழுந்தாள். விழுந்த சத்தம் என் மெஷினைத் தாண்டிக் கேட்டது. நான் ஓடிப் போனபோது ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. அண்ணன் கூடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பாத்து வரக்கூடாதாம்மா?"

"எதைப் பாத்து வரணும் அண்ணே? லைட்டு எங்க? வழி எங்க?"

"இதுக்குப் போய் இவ்வளவு கத்தணுமா? அது வெறும் நடைதானே. நீ என்ன அங்க குடித்தனமா பண்ற? வந்தமா, போனமான்னு இருக்கிற இடம்."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் தன் அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டியா டெய்லரு? வெறும் நடையாம். இந்த வீட்டுலயே அழகான இடம் எதுன்னு கேட்டா நாளைக்கு எல்லாரும் அதைத்தான் காட்டணும். பண்றேன் பாரு."

கால் சரியாகும் வரை அவளுக்கு மருத்துவ விடுப்பு. அதற்கு மேலும் சேர்த்துவைத்திருந்த விடுப்பையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டாள். நடக்க வந்ததும் முதல் காரியமாக, அவளுடைய பேருந்தை ஓட்டுகிற டிரைவரை வரவழைத்தாள். அதிகம் பேசாத, கதவளவு அகலமான மனிதர். அண்ணன் கடைக்குக் கிளம்பியதும் அவர், நான், அக்கா மூன்று பேருமாகச் சாமான்களை நடையிலிருந்து எடுத்தோம். தெருவில் போடவில்லை. அக்கா அதில் கண்டிப்பாக இருந்தாள். ஒவ்வொன்றையும் அண்ணனுடைய கூடத்திலேயே கொண்டுபோய் அடுக்கினோம். ஃபிரிட்ஜ் டிவிக்கு முன்னால் நின்றது. மெத்தை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தது. கடைசியில் அக்கா விசிலை எடுத்து நீளமாக ஓர் ஊது ஊதினாள். டிரைவர் பழக்க தோஷத்தில் நகரப் பார்த்தார்.

அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்து வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, இதையெல்லாம் இங்க வெச்சா நாங்க எங்க உக்கார்றது?"

"அதைத்தான் அண்ணி நானும் இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருந்தேன். நான் எங்க நடக்கிறது?"

அன்று இரவு அந்த வீட்டில் நடந்த பேச்சைத் தெருவே கேட்டது. விடிந்ததும் ஒரு வண்டி வந்து மோட்டார்களையும் ஃபிரிட்ஜையும் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனது. டிவி இல்லாமல் அண்ணனால் இருக்க முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும்.

காலியான நடையைப் பார்த்தபோது எனக்கு உற்சாகம் போய்விட்டது. சுவர் ஈரம் குடித்துப் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. தரை சிமெண்டில் விரிசல். குழாய் மாதிரி நீளம், குழாய் மாதிரி இருட்டு. "இதைப் போய் என்னக்கா பண்ணுவீங்க?" என்றேன். அவள் கோடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முழுப் பகலும் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதுவரை வருகிறது, உள்ளே வருகிறவர் கை எங்கே படுகிறது, பை எங்கே இடிக்கிறது, இதையெல்லாம் பார்த்தாளாம். பொழுது சாயும்போது எழுந்து போய்க் கதவுக்கு மேலிருந்த அட்டையைப் பிய்த்தெறிந்து, கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். தரையில் நீளமாக ஒரு வெளிச்சக் கட்டம் விழுந்தது. முதல் அலங்காரம் அதுதான். செலவே இல்லை.

பெயிண்டுக் கடைக்கு நானும் கூடப் போனேன். நடைக்கு என்றதும் கடைக்காரர் கேட்காமலே வெள்ளை டப்பாவை எடுத்தார்.

"இதை உள்ள வைங்க. கரும்பச்சை காட்டுங்க" என்றாள் அக்கா.

"குறுகலான இடம்மா. அடர்த்தியா அடிச்சா குகை மாதிரி ஆயிடும்."

"இடுப்பு உயரம் வரைக்கும்தான் பச்சை. அதுக்கு மேல சந்தனம். மேக்கூரையும் சந்தனம். கை படுற உயரத்துல வெள்ளை அடிச்சா ஒரே மாசத்துல கைரேகை நிபுணரைத்தான் கூப்பிடணும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: கோடியில் இருக்கும் கதவுக்கு அழுத்தமான நிறம் கொடுத்தால் நடை அவ்வளவு நீளமாகத் தெரியாது. அக்கா அதை ஏற்றுக்கொண்டு, தன் கதவுக்குக் கடுகு மஞ்சள் வாங்கினாள்.

பிறகு வேலைதான். உரிந்ததைச் சுரண்டினாள், ஈரத்துக்கு மருந்து அடித்தாள், பட்டி பார்த்தாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளையாகத் தெருவில் வந்து நின்று மூச்சு வாங்குவாள். தெரிந்தவர்கள் சிரித்தால், "இன்னைக்குப் பவுடர் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள். பச்சைக்கும் சந்தனத்துக்கும் நடுவில், பேருந்தில் இருப்பது போல ஒரு கைப்பிடிக் கம்பியை நீளத்துக்கும் ஓடவிட்டாள். டிப்போவில் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய வண்டியிலிருந்து முறைப்படி விலைக்கு வாங்கியது. அதே வண்டியிலிருந்து ஒரு மடக்கு இருக்கையும் வந்தது. அதை வலது சுவரில் பொருத்தினாள். உட்கார்ந்து செருப்பைக் கழற்றலாம், எழுந்தால் அது தானாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வழியை அடைக்காது. எதிரெதிராக இல்லாமல் மாற்றி மாற்றி வைத்த சுவர்விளக்குகள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கதவு வெளிச்சம் அதில் பட்டு உள்ளே திரும்புகிற இடமாகப் பார்த்து மாட்டினாள். ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாத ஒரு சுவர்த்தட்டு, சாவி வைக்க. தரையில் விரிக்க நீளமான விரிப்பு ஒன்றை நான் கெட்டித் துணியில் தைத்துக்கொடுத்தேன். ஓரம் மடித்துத் தைக்கும்போது என் மெஷினில் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் அவள் அண்ணனைத் திட்டினாள்.

முடிந்த அன்று எல்லா விளக்கையும் போட்டு வாசல்கதவை விரியத் திறந்துவைத்தாள். தெருவில் போகிறவர்கள் நடை தளர்ந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எத்தனையோ வருடமாக என் கண்ணெதிரே ஒரு இருட்டுப் பொந்துதான் இருந்தது. அன்றைக்கு அங்கே ஒரு வீடு இருந்தது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எங்களுக்கு நல்லதாகப் படவில்லை. காரணம் அடுத்த வாரம் தெரிந்தது.

அக்கா வீட்டில் இருந்த ஒரு முற்பகலில், அண்ணன் ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழாய்ச் சாமான்கள் மொத்தமாக விற்கிறவர். பின்னறைகளைத் தனக்குக் குடோனாக வாடகைக்குப் பேசியிருந்தார். தங்கை சீக்கிரம் காலி செய்துவிடுவாள் என்று அண்ணன் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தது எங்களுக்கெல்லாம் அப்புறம்தான் தெரியும். அவள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

வியாபாரி உள்ளே வந்தார். கண்ணாடியைப் பார்த்ததும் நின்று தலையைக் கோதிக்கொண்டார். மடக்கு இருக்கையை இறக்கி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். எழுந்ததும் அது பட்டென்று மடங்கியதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை இறக்கி விட்டுப் பார்த்தார். பிறகு நடையை மேலும் கீழும் பார்த்தார்.

"குடோனுக்குப் போற வழின்னீங்க. இங்க யாரோ ஆசையா குடியிருக்காங்க போலிருக்கே?"

"அது... தங்கச்சி. காலி பண்ணப் போறா."

"காலி பண்ணப் போறவங்க இப்படியா சார் பண்ணி வைப்பாங்க?"

கோடியில் கடுகு மஞ்சள் கதவு திறந்தது. அக்கா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யாரு வேணும்?"

வியாபாரி தடுமாறினார். "ஒண்ணுமில்லம்மா. இடம் பாக்க வந்தோம்."

"நல்லா பாருங்க. கண்ணாடி, லைட்டு, சீட்டு எல்லாம் நான் வெச்சதுதான். பின்னாடி ரெண்டு ரூமும் என்னுது. வாடகைக்கும் இல்ல, விலைக்கும் இல்ல. தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். ஷூவை மாட்டிக்கொண்டு போகும்போது, அந்த இருக்கை எங்கே கிடைத்தது என்று அக்காவிடம் விசாரித்தார். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் அக்கா விடுப்பு முடிந்து வேலைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் அண்ணன் ஒரு வாளி வெள்ளையும் பெரிய பிரஷ்ஷுமாக வந்து இடது சுவர் முழுக்க அடித்துவிட்டார். பச்சை, சந்தனம், கம்பி எதையும் பார்க்கவில்லை. விரிப்பில் எல்லாம் சொட்டுச் சொட்டாக வெள்ளை. நான் வாசலில் நின்று, "என்னண்ணே இது!" என்று கத்தியே விட்டேன். "என் ரூமோட சுவர். நான் என்ன வேணா அடிப்பேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கதவைத் திறந்தாள். நின்றாள். தோல்பையைத் தட்டில் வைத்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் நேராகத் தன் அறைக்குப் போய், மிச்சமிருந்த பச்சை டப்பாவை எடுத்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அடிக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் கூடத்திலிருந்து வந்தார். "என் சுவர்ல கை வெக்காத!"

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே திரும்பினாள். "சுவர் உங்களுது அண்ணே, நான் இல்லேன்னு சொல்லல. உள்பக்கம் உங்க இஷ்டம், கறுப்பு வேணாலும் அடிச்சுக்கோங்க. வெளிப்பக்கம் நான் தினம் பாக்குறது. வெறும் நடைன்னு நீங்கதானே சொன்னீங்க? வெறும் நடைக்கு எதுக்கு இவ்வளவு பாடு படுறீங்க?"

அவர் விருட்டென்று உள்ளே போனார். ஆனால் விடவில்லை. அவள் வேலைக்குப் போனதும் வெள்ளை. வந்ததும் பச்சை. மறுபடியும் வெள்ளை, மறுபடியும் பச்சை. தெருவில் பந்தயம் கட்டாத குறை. பெயிண்டுக் கடைக்காரர் மட்டும் இரண்டு பேரையும் ஒரே மாதிரிச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். அக்காவுக்கு உடம்பு ஓய்ந்துதான் போனது. நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்து, நின்றுகொண்டே பெயிண்ட் அடித்தால் எந்தக் கால் தாங்கும்? ஒரு நாள் நான் போய், "விட்டுடுங்கக்கா, ஒரு பக்கம் வெள்ளையாத்தான் இருக்கட்டுமே" என்றேன்.

"இன்னைக்கு ஒரு பக்கம் விட்டா நாளைக்கு ஃபிரிட்ஜ் திரும்ப வரும்" என்றாள். "நீ போய் இன்னொரு பிரஷ் இருந்தா எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்வது?

அது எப்படி முடிந்தது என்பதை நான் என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தார். அண்ணி கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடி வந்த நாளிலிருந்து, அக்கா வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அவள் அங்கேதான் தலை பின்னுவாள். எனக்குத் தெரியும், அக்காவிடம் நான் சொன்னதில்லை.

"கொஞ்சம் நகரு" என்றார் அண்ணன்.

அண்ணி நகரவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாளியை வெச்சுட்டுக் கடைக்குப் போங்க."

"நீயும் அவகூடச் சேந்துட்டியா?"

"நான் யாரு கூடவும் சேரல. அவ பேசுற பேச்சு எனக்கும் ஆகாது. ஆனா எனக்கு இந்தப் பச்சை பிடிச்சிருக்கு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வழியில தடவித் தடவித்தான் நடந்தேன். இப்பதான் என் மூஞ்சி எனக்குத் தெரியுது. இன்னொரு தடவை வெள்ளை அடிச்சீங்க, நானே சுரண்டுவேன்."

அண்ணன் வாளியைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். கடையின் முன்பக்கம் அந்த வாரம் வெள்ளை வெளேரென்று ஆனது.

அதற்குப் பிறகு மூவரும் கூடிக் குலாவினார்கள் என்று சொன்னால் பொய். அண்ணனும் தங்கையும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி அக்காவிடம் கண்ணாடிக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யாரும் எதையும் நடையில் வைக்கவில்லை. அண்ணன் கடையிலிருந்து கிரீஸ் கையோடு வரும்போது, சந்தனத்தில் படாமல் பச்சையைத் தொட்டுக்கொண்டு போவார். வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துக்குப் போகும் முன் நடையில் நின்றுவிடுகிறார்கள். யார் செய்தது என்று கேட்டால் அண்ணி சமாளிக்கப் பார்ப்பாள், "எல்லாருமா சேந்துதான்..." என்று. உடனே கோடியிலிருந்து குரல் வரும், "நான் செஞ்சது!"

அக்கா ஓய்வு பெற இன்னும் வருடங்கள் இருக்கின்றன. போன மாதம் அவள் ஒரு நிற அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, கதவை முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கடைக்குக் கிளம்பியவர் பதறிப்போய் நின்றார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவராக அவளிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"அது வாசக்கதவு. ரெண்டு பேருக்கும் பொது."

"பொதுதான் அண்ணே. அதான் உங்களையும் கேக்கலாம்னு நிக்கிறேன்" என்றாள் அக்கா, அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி. "சிவப்பா, ஊதாவா?"